மோட்டார் வண்டி ஓட்டத்தில் அளவும் படமும்
பந்தயப் பாதைக்கு ஏற்ற பதிவுக் கருவியைத் தெரிந்தெடுக்கும் முறை

ஒரு கிராமத்தில் நேற்றைய தினம் எவ்வளவு மழை பெய்தது என்பதை மழைமானி நமக்குக் கூறும். காலை எட்டரை மணிக்கு ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளும் அந்த ஓர் அளவினால் முந்திய இருபத்துநான்கு மணி நேரத்தின் மொத்த மழையை அறியலாம். ஆனால் அம்மழை இரவெல்லாம் தூறலாகப் பெய்ததா, அல்லது அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்ந்ததா என்பதை அந்த எண் கூறாது. மண் அரிப்புக்குக் காரணம் தேடும் ஊழியருக்கு மொத்த அளவைவிட இந்த இரண்டாவது செய்தியே முக்கியமானது. அதனால்தான் காகித உருளையின்மீது தானே கோடிட்டுச் செல்லும் பதிவு மழைமானி ஏற்பட்டது.

பந்தயப் பாதையில் மோட்டார் வண்டி ஓட்டிப் பழகுபவரின் நிலையும் இத்தகையதே. ஒரு சுற்றை முடிக்க இத்தனை நிமிஷம், இத்தனை விநாடி ஆயிற்று என்பது மொத்த மழையைப் போன்ற ஓர் எண் மட்டுமே. எந்த வளைவில் நேரம் வீணாயிற்று, பிரேக்கைச் சீக்கிரம் அழுத்தியதாலா, வளைவிலிருந்து தாமதமாக வெளியேறியதாலா என்பன போன்ற வினாக்களுக்கு அந்த எண்ணில் விடையில்லை. விடை காண்பதற்கென அமைந்தவையே டேட்டா லாகர் என வழங்கும் பதிவுக் கருவியும், அதனோடு இணைந்த வீடியோ காமிராவும் ஆகும். இவற்றில் பல வகைகள் இன்று விற்பனைக்கு வந்துள்ளன. எதைத் தெரிந்தெடுப்பது, அது கூறுவதை எவ்வளவு தூரம் நம்புவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வண்டியே ஓட்டாதவராயினும், அளவையோடு தொழில் நடத்தும் களப்பணியாளருக்கும், அளவையைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இவ்விஷயத்தில் பயன்படும் செய்தி உண்டு.

டிராக் டே என்பது யாது?

பொதுச் சாலையில் வேகமாக ஓட்டுவது குற்றம், ஆபத்தும் ஆகும். ஆகவே தம் வண்டியின் திறமையையும் தம் திறமையையும் அறிய விரும்புவோர், கட்டணம் செலுத்தி, மூடப்பட்ட பந்தயப் பாதையில் தம் சொந்த வண்டியை ஓட்டுவதற்கு ஒழுங்கு செய்யப்படும் நாளே டிராக் டே எனப்படுவது. இது பந்தயம் அன்று. பரிசு கிடையாது. ஒரு முறைக்குச் சுமார் பதினைந்து அல்லது இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு வண்டியை ஆறவிடுவர். முந்திச் செல்வதற்கும், கொடி காட்டினால் நிறுத்துவதற்கும் கண்டிப்பான விதிகள் உண்டு.

நம் நாட்டில் இதற்குரிய இடங்கள் சிலவே. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பாதை 1990-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதன் நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். கோயம்புத்தூரின் அருகே உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ளது. உத்தரப் பிரதேசத்தில் கிரேட்டர் நொய்டாவில் 2011-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற புத்த சர்வதேசப் பாதை 5.125 கிலோமீட்டர் நீளமுடையது. 2011 முதல் 2013 வரை பார்முலா ஒன் பந்தயங்கள் நடைபெற்றது இங்கேதான். இப்பாதையின் மூன்றாம் வளைவுக்கும் நான்காம் வளைவுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நேர்வழி உண்டு. அதன் கடைசியில் கடுமையாகப் பிரேக் அழுத்த வேண்டும். இத்தகைய ஓரிடத்தை மனத்திற்கொண்டு பார்த்தால் கருவியின் குணதோஷங்கள் எளிதில் விளங்கும்.

ஒரு சிறு கணக்கு

நல்லதொரு சாதாரணக் கார் அந்த நேர்வழியின் இறுதியில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தை அடைகிறது என்று கொள்வோம். அதாவது, விநாடிக்கு 50 மீட்டர். வளைவுக்குள் அது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், நுழைய வேண்டும். உலர்ந்த பாதையில் நல்ல டயர்களுடன், புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான அளவில், அதாவது விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் வீதம், வேகத்தைக் குறைக்க இயலும் எனக் கொண்டால், இதற்குச் சுமார் மூன்று விநாடியும் 107 மீட்டர் தூரமும் தேவைப்படும். வளைவின் ஆரம் 45 மீட்டர் என்றால், விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் திரும்பும்போது பக்கவாட்டு முடுக்கம் 8.9 ஆகும். டயரின் பிடிப்புக்கு ஏறத்தாழ அதுவே எல்லை.

மூன்று விநாடி, 107 மீட்டர் என்னும் இவ்விரண்டு எண்களையும் வாசகர்கள் நினைவில் இருத்துவாராக. கருவியின் தரம் முழுவதும் இவற்றைக் கொண்டே அளக்கப்படும்.

விநாடிக்கு எத்தனை முறை?

1950-களில் சென்னைக்கு அருகே சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில் பந்தயங்கள் நடைபெறத் தொடங்கிய காலத்தில், நேரத்தைக் குறிப்பதற்குக் கையில் பிடித்த கடிகாரமே துணை. விரலின் தாமதமே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். இன்று அந்த வேலையைச் செயற்கைக்கோள்கள் செய்கின்றன. ஜி.பி.எஸ். என்னும் அமெரிக்க அமைப்பின் பொதுச் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பின்னரே சிறிய ஏற்பிகள் இத்தகைய நுட்பமான வேலைக்கு ஏற்றவையாயின.

ஏற்பி ஒன்று விநாடிக்கு எத்தனை முறை தன் நிலையைக் கணக்கிடுகிறது என்பதே வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய வினா. கைத்தொலைபேசியில் அமைந்த ஏற்பி பொதுவாக விநாடிக்கு ஒரு முறை மட்டுமே கணக்கிடும். நம் உதாரணத்தில் அதற்குள் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். மூன்று விநாடிப் பிரேக்கில் மூன்று புள்ளிகளே கிடைக்கும். மூன்று புள்ளிகளைக் கொண்டு, பிரேக் எங்கே தொடங்கியது என்று கூறுவது, மாதம் ஒரு முறை மழைமானியைப் பார்த்துவிட்டு விதைப்புக்கு நாள் குறிப்பதை ஒக்கும். விநாடிக்குப் பத்து முறை கணக்கிடும் ஏற்பியில் புள்ளிகளுக்கு இடையே ஐந்து மீட்டர். இருபத்தைந்து முறை கணக்கிடுவதில் இரண்டு மீட்டர். பழகுபவருக்குப் பத்து முறை போதுமானது. அதற்குக் குறைந்ததை வாங்குவது வீண் செலவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. விளம்பரத்தில் காணும் எண்ணிக்கை உண்மையான அளவைகளின் எண்ணிக்கையா, அல்லது இரண்டு அளவைகளுக்கிடையே கணக்கினால் இட்டு நிரப்பிய புள்ளிகளையும் சேர்த்ததா என்று விசாரித்தல் வேண்டும். ஆயினும், சுற்று நேரத்தை மட்டும் அறிய விரும்புவோர் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தொடக்கக் கோட்டைக் கடப்பதற்கு முந்திய புள்ளியும் பிந்திய புள்ளியும் தெரிந்தால், கடந்த கணத்தை விகித முறையில் விநாடியின் சில நூறில் ஒரு பங்குக்குள் கணக்கிட்டுவிடலாம்.

வேகத்தை நம்பலாம், இடத்தை அளவோடு நம்புக

பலர் அறியாத ஒரு விஷயம் உண்டு. செயற்கைக்கோள் ஏற்பி வேகத்தையும் இடத்தையும் ஒரே திட்பத்துடன் கூறுவதில்லை. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்தும், விலகிச் செல்லும் ரயிலின் ஊதல் தாழ்ந்தும் கேட்பதை மாணவர்கள் அறிவர். இதே டாப்ளர் விளைவைக் கொண்டு, சமிக்ஞையின் அலைவெண்ணில் ஏற்படும் மாறுதலிலிருந்து ஏற்பி வேகத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே திறந்த வானத்தின்கீழ் வேகத்தில் ஏற்படும் பிழை மிகச் சிறியது. நல்ல கருவிகளில் அது மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு.

இடத்தைப் பற்றிய செய்தி அவ்வாறன்று. சாதாரண ஏற்பியில் இரண்டு மூன்று மீட்டர் பிழை இயல்பானது. பாதையின் அகலமோ பத்து முதல் பதினைந்து மீட்டர் வரையில்தான். ஒரு சுற்றில் வண்டி வளைவின் உள் ஓரத்தைத் தொட்டுச் சென்றதா, ஒரு மீட்டர் விலகிச் சென்றதா என்பதை இத்தகைய ஏற்பியின் படத்தைக் கொண்டு முடிவு செய்வது தவறு. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து விமானப் போக்குவரத்துக்கென அமைத்த ககன் என்னும் அமைப்பு, தரை நிலையங்களில் கண்டறிந்த பிழையின் திருத்தத்தைச் செயற்கைக்கோள் வழியாக ஒலிபரப்புகிறது. இதனை ஏற்கும் கருவியில் இடப்பிழை குறையும். ஆனால் முற்றிலும் நீங்காது.

ஆகவே, வேகமும் நேரமும் அறியப் பதிவுக் கருவியையும், வண்டி பாதையில் எங்கே இருந்தது என்பதை அறியக் காமிராவையும் நம்புவதே முறை. ஓரக் கல்லுக்கும் டயருக்கும் இடையே எத்தனை இடைவெளி இருந்தது என்பதைப் படம் ஐயமின்றிக் காட்டும். காமிரா அலங்காரத்துக்கன்று, அளவைக்கே என்பது இதனால் விளங்கும்.

வண்டி கூறும் செய்தி

வெளியிலிருந்து அளப்பது போதாது. ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தினார், பிரேக்கை எவ்வளவு அழுத்தினார், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினார் என்பவையும் தெரிந்தாலன்றிக் காரணம் விளங்காது. இச்செய்திகளில் பல இன்றைய வண்டிக்குள்ளேயே மின் சமிக்ஞைகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவற்றைப் பெறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஓ.பி.டி. என்னும் பரிசோதனைத் துளை. பழுது பார்ப்பவர் கருவியை இணைப்பதற்காக, வழக்கமாக ஸ்டியரிங்கின் கீழே இது அமைந்திருக்கும். இது கேட்டால் மட்டுமே விடை கூறும் ஏற்பாடு. ஆறு செய்திகளை மாறி மாறிக் கேட்டால், பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஆறில் ஒரு பங்கு வேகத்திலேயே வரும், தாமதமும் உண்டு. பிரேக்கின் அழுத்தத்தையும் ஸ்டியரிங்கின் கோணத்தையும் இவ்வழியில் பொதுவாகப் பெற முடியாது. இரண்டாவது, 1986-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி அறிமுகப்படுத்திய கேன் என்னும் உட்கம்பி வழி. இதில் வண்டியின் பகுதிகள் கேளாமலே விநாடிக்குப் பல முறை செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். பதிவுக் கருவி அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டாற் போதும். ஆனால் எந்த எண் எதைக் குறிக்கும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆகையால் கருவி செய்பவர் வெளியிட்டுள்ள பட்டியலில் தம் வண்டியின் பெயரும் ஆண்டும் உள்ளனவா என்று பார்த்த பின்னரே பணம் செலுத்துக.

பல கருவிகளில் முடுக்கமானியும் உள்ளடங்கியிருக்கும். இது விநாடிக்கு நூறு முறைகூட அளக்கவல்லது. பிரேக்கின் முதல் கணத்தைத் துல்லியமாகக் காட்டுவது. ஆனால் தளர்வாக ஒட்டப்பட்ட முடுக்கமானி வண்டியின் இயக்கத்தை அளக்காது. தன் ஆட்டத்தையே அளக்கும். உறுதியான உலோகப் பகுதியில், வண்டியின் நீளத்துக்கு நேராக அதைப் பொருத்துதல் அவசியம்.

படமும் எண்ணும் ஒரே கடிகாரத்தில்

இனிக் கூறப்போவது இக்கட்டுரையின் முக்கியமான பகுதி. காமிரா தனியாகவும் பதிவுக் கருவி தனியாகவும் ஓடினால், பிறகு இரண்டையும் கையால் இணைக்க வேண்டியிருக்கும். இரண்டு கடிகாரங்களும் தொடக்கத்திலேயே அரை விநாடி விலகியிருக்கலாம். ஒன்று மெள்ள மெள்ளப் பின்தங்குவதும் உண்டு. அரை விநாடி அற்பமானது என்று தோன்றும். ஆனால் விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் அது 25 மீட்டர்.

இதன் விளைவைப் பாருங்கள். ஒருவர் வளைவுக்குச் சரியாக 107 மீட்டர் முன்னால் பிரேக் அழுத்துகிறார். அவருக்கு அதுவே எல்லை. ஆனால் பதிவில் படம் அரை விநாடி பின்தங்கி இணைந்துள்ளது. வேகக்கோடு சரியத் தொடங்கும் கணத்தில், திரையில் தெரிவது 132 மீட்டர் தூரத்துக் காட்சி. "இன்னும் 25 மீட்டர் மிச்சம் இருக்கிறதே, அடுத்த முறை தாமதித்து அழுத்துவோம்" என்று அவர் தீர்மானிக்கிறார். அடுத்த சுற்றில் 82 மீட்டரிலேயே பிரேக் அழுத்துகிறார். கணக்குப் போட்டால், வளைவின் வாயிலை அவர் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அன்றி, ஏறத்தாழ 107 கிலோமீட்டர் வேகத்தில் அடைவார். அந்த வேகத்தில் திரும்புவதற்கு வேண்டிய பக்கவாட்டு முடுக்கம் டயரின் எல்லையைப் போல் இரண்டு மடங்கு. வண்டி பாதையை விட்டு வெளியேறுவது நிச்சயம்.

இங்கே தவறு ஓட்டுநருடையது அன்று. அவர் பதிவை நம்பினார். பதிவு பொய் கூறிற்று. கருவி இல்லாதவர் தம் கண்ணை நம்பி, ஐந்து மீட்டர் ஐந்து மீட்டராக முன்னேறியிருப்பார். பிழையான கருவி, கருவி இல்லாமையைக் காட்டிலும் கொடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

ஆகவே படத்தையும் எண்களையும் ஒரே பெட்டி ஒரே கடிகாரத்தின்படி பதிவு செய்யும் ஏற்பாடே சிறந்தது. அல்லது, இரண்டு பெட்டிகளானால் அவை கம்பியால் இணைந்து ஒரே நேரக்குறியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தனிக் காமிராவையே உபயோகிக்க நேர்ந்தால், ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு பொதுக் குறியை ஏற்படுத்துக. நின்ற வண்டி சட்டென்று நகரத் தொடங்கும் கணம் இதற்குப் போதும். படத்திலும் வேகக்கோட்டிலும் அது தெளிவாகத் தெரியும். தொடக்கத்தில் பொருந்திய குறி முடிவிலும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிடில் அந்தப் பதிவைக் கொண்டு பிரேக் இடத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வரலாகாது.

காமிராவைப் பொருத்தும் முறை

காமிராவுக்கு ஏற்ற இடம் முன் ஆசனங்கள் இரண்டுக்கும் இடையே, தோள் உயரத்தில் ஆகும். அங்கிருந்து ஓட்டுநரின் கைகளும் ஸ்டியரிங்கும் முன்கண்ணாடி வழியே பாதையும் ஒருங்கே தெரியும். வண்டியின் உட்புறம் இருட்டாகவும் வெளிப்புறம் வெயிலாகவும் இருக்குமாதலால், காமிரா உட்புறத்துக்கு ஏற்ப ஒளியை அமைத்துக்கொண்டு பாதையை வெண்மையாக்கிவிடும். வெளிப்புறத்துக்கு ஏற்ப ஒளியை நிலைப்படுத்தும் வசதி உள்ளதா என்று கேட்க வேண்டும். படத்தின் ஆட்டத்தைச் செயற்கையாகத் திருத்தும் வசதி இருந்தால் அதை நிறுத்தி வைப்பது நலம். வண்டியின் உண்மையான அசைவை அது மறைத்துவிடும்.

கோடையில் வட இந்தியாவின் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டும்போது, கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வைத்த கைத்தொலைபேசி சூடேறித் தானே நின்றுவிடுவது சாதாரணம். மின்சாரம் திடீரென்று நின்றால் அதுவரை எடுத்த பதிவு காப்பாற்றப்படுமா என்பதையும் வாங்குமுன் சோதித்துப் பார்க்கலாம்.

உறுதியான பிணைப்பு உயிரைக் காக்கும். 150 கிராம் எடையுள்ள காமிரா, மோதலில் புவியீர்ப்பின் முப்பது மடங்கு தாக்கம் நேர்ந்தால், நாலரைக் கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு பிய்த்துக்கொண்டு பறக்க முயலும். வெற்றிடத்தால் ஒட்டும் ரப்பர்க் கிண்ணத்தை மட்டும் நம்பாமல், இரண்டாவதாக ஒரு கயிறு அல்லது கம்பியால் பிணைக்க வேண்டும்.

மூவகை அமைப்புகள்

விற்பனையில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். கீழே கூறும் பெயர்கள் விளக்கத்திற்காகவேயன்றிச் சிபாரிசுக்காக அல்ல.

முதல் வகை, கைத்தொலைபேசியில் இயங்கும் செயலி. ரேஸ்குரோனோ, ஹாரிஸ் லேப்டைமர் ஆகியவை இத்தகையன. தொலைபேசியின் ஏற்பி மெதுவானதாகையால், வெளி ஏற்பி ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரேஸ்பாக்ஸ் மினி என்பது விநாடிக்கு இருபத்தைந்து முறை கணக்கிடும் அத்தகைய ஏற்பி. செலவு குறைவு, கற்றுக்கொள்வதற்கு ஏற்றது. ஆனால் தொலைபேசி, ஏற்பி, ஓ.பி.டி. இணைப்பு, காமிரா எனப் பல துண்டுகள் சேர்வதால், ஏதேனும் ஒன்று தவறுவதற்கு இடமுண்டு.

இரண்டாம் வகை, தனியாக இயங்கும் சிறு பதிவுக் கருவியும் தனிக் காமிராவும். இத்தாலியின் ஏய்ம் கம்பெனி வெளியிடும் சோலோ 2 இதற்கு உதாரணம். இவ்வகையில் எண்கள் நம்பத்தக்கவை. படத்தை இணைப்பதுதான் சிரமம். கோப்ரோ காமிராக்களில் 2016-இல் வந்த ஐந்தாம் மாதிரியில் செயற்கைக்கோள் ஏற்பி இருந்தது. 2023-இல் வந்த பன்னிரண்டாம் மாதிரியில் அது நீக்கப்பட்டது. 2024-இல் வந்த பதின்மூன்றாம் மாதிரியில் மறுபடியும் சேர்க்கப்பட்டது. ஆகவே ஒரே பெயருடைய பொருளானாலும் எந்த ஆண்டின் மாதிரி என்பதைக் கவனித்து வாங்குதல் வேண்டும்.

மூன்றாம் வகை, படத்தையும் எண்களையும் சேர்த்தே பதிவு செய்வது. பிரிட்டனின் ரேஸ்லாஜிக் கம்பெனியின் வீடியோ வீபாக்ஸ் கருவிகளும், ஏய்ம் கருவியோடு கம்பியால் இணையும் ஸ்மார்ட்டிகேம் காமிராவும் இவ்வகையின. கார்மின் கம்பெனி 2020-இல் வெளியிட்ட கேட்டலிஸ்ட் என்னும் கருவியும் இதில் சேரும். அது பதிவு செய்வதோடு நில்லாமல், எங்கே நேரம் மிச்சமாகும் என்று ஓட்டுநரின் காதில் சொல்லவும் செய்யும். இவ்வகையின் விலை அதிகம்; ஆனால் மேலே கூறிய அரை விநாடி ஆபத்து இவற்றில் மிகக் குறைவு.

வாங்குமுன் மற்றொன்றையும் ஆராய்க. பதிவைப் படிக்கும் கணினி நிரல் எளிதானதா? பல கம்பெனிகள் அதை இலவசமாக வெளியிடுகின்றன. கருவியை வாங்குமுன்பே, பிறர் எடுத்த பதிவை அதில் திறந்து பார்த்துப் பழகலாம். தம் பயிற்சியாளரும் நண்பர்களும் எக்கருவியை உபயோகிக்கிறார்களோ அதையே வாங்குவதில் பெரும் நன்மை உண்டு. ஒரே பாதையில் அனுபவமுள்ளவர் ஓட்டிய சுற்றோடு தம் சுற்றை ஒப்பிடுவதே கற்பதற்கு விரைவான வழி.

பதிவைப் படிக்கும் முறை

இரண்டு சுற்றுகளை ஒப்பிடும்போது, நேரத்தை அன்றித் தூரத்தைக் கிடைக்கோட்டில் கொண்டு வேகக்கோடுகளை வரைய வேண்டும். அப்பொழுதுதான் ஒரே வளைவு இரண்டு கோடுகளிலும் ஒரே இடத்தில் அமையும். பிறகு மூன்று விஷயங்களைப் பார்க்கலாம். கோடு எங்கே சரியத் தொடங்குகிறது என்பது பிரேக் இடம். மிகத் தாழ்ந்த புள்ளி எங்கே, எத்தனை வேகத்தில் உள்ளது என்பது வளைவின் வேகம். மறுபடி எங்கே ஏறத் தொடங்குகிறது என்பது ஆக்ஸிலரேட்டரை அழுத்திய இடம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததற்கும் பிரேக்கை அழுத்தியதற்கும் இடையே கோடு சற்றே சரிந்து செல்லுமானால், அவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாமல் கழிந்தது என்று பொருள். விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில், 0.4 விநாடித் தயக்கம் 20 மீட்டர் தூரத்தை விழுங்கும்.

எண் இவ்வளவு கூறும், காரணத்தைக் கூறாது. முன்னால் வேறு வண்டி சென்றதா, பாதையில் ஈரம் இருந்ததா, கியர் தவறியதா என்பதைப் படத்தில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு நல்ல சுற்றைக் கொண்டு முடிவுக்கு வருதலும் கூடாது. டயரின் சூடு, பெட்ரோலின் எடை, காற்று ஆகியவை சுற்றுக்குச் சுற்று மாறுவன. ஐந்தாறு சுற்றுகளிலும் ஒரே இடத்தில் ஒரே குறை தென்பட்டால் அதுவே திருத்தத்தக்க குறை. ஓர் ஓட்டத்துக்கு ஒரு வளைவை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்துவது சிறந்த முறை.

பாதுகாப்பும் விதிகளும்

ஓடும்போது திரையைப் பார்த்தலாகாது. விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் அரைக் கணப் பார்வையும் பல வண்டி நீளங்களை விழுங்கிவிடும். பதிவு ஓட்டத்தின்போது, படிப்பு வண்டி நின்ற பிறகு. பிரிட்டனில் டிராக் டே நடத்துவோர் பலர் சுற்று நேரத்தை அளப்பதையே தடை செய்வதுண்டு. நேரம் அளந்தால் பழக்கம் பந்தயமாக மாறிவிடும் என்பதே காரணம். ஆகவே அந்தந்த இடத்தின் விதியைக் கேட்டறிந்து, காமிரா பொருத்துவதற்கு அனுமதி பெற்றுக்கொள்க. நம் நாட்டில் வழங்கும் சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ் பத்திரங்கள், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியை உபயோகிப்பதை விலக்கி வைத்துள்ளன என்பதையும் மறத்தலாகாது.

வகுப்பறையில் ஒரு பரிசோதனை

இவை யாவும் பெருஞ்செலவுள்ள விஷயங்கள் என்று ஆசிரியர்கள் விட்டுவிட வேண்டியதில்லை. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிள் விநாடிக்கு ஐந்து மீட்டர் ஓடும். விநாடிக்கு ஒரு முறை கணக்கிடும் கைத்தொலைபேசியை அதில் கட்டினால், புள்ளிகளுக்கு இடையே ஐந்து மீட்டர். பந்தயப் பாதையில் 180 கிலோமீட்டர் வேகத்தில், விநாடிக்குப் பத்து முறை கணக்கிடும் கருவி தரும் இடைவெளியும் அதுவே. ஆக, விலை உயர்ந்த கருவிக்கும் மாணவனின் சைக்கிளுக்கும் கணக்கு ஒன்றே.

பள்ளி விளையாட்டு மைதானத்தில் ஒரு கோடு கிழித்து, மாணவன் அக்கோட்டில் பிரேக் அழுத்தட்டும். மற்றொருவன் கோட்டருகே நின்று வேறொரு தொலைபேசியில் படம் பிடிக்கட்டும். பதிவில் வேகம் குறையத் தொடங்கும் இடத்தையும், படத்தில் காணும் இடத்தையும், தரையில் உள்ள கோட்டையும் நாடாவினால் அளந்து ஒப்பிடுக. மூன்றும் ஒன்றாக இரா. வேறுபாடு எத்தனை, அதில் எவ்வளவு அளவையின் இடைவெளியால் வந்தது, எவ்வளவு கடிகாரங்களின் விலகலால் வந்தது என்று மாணவர்களே பிரித்துக் காணட்டும். அளவையில் பிழை உண்டு என்பதும், அப்பிழைக்கும் ஓர் அளவு உண்டு என்பதும் ஒரே மாலைப் பொழுதில் அவர்களுக்கு விளங்கிவிடும்.

முடிவாக

பதிவுக் கருவியை வாங்க விரும்புபவர் முதலில் தம் வினாவை எழுதிக்கொள்ள வேண்டும். சுற்று நேரம் மட்டும் போதுமாயின் சிறு கருவி போதும். எங்கே நேரம் போகிறது என்று அறிய, விநாடிக்குப் பத்து முறையேனும் கணக்கிடும் ஏற்பி தேவை. ஏன் போகிறது என்று அறிய, வண்டியின் உட்செய்தியும் படமும் தேவை. பிரேக் இடத்தை மாற்றத் துணிபவருக்கோ, அவ்விரண்டும் ஒரே கடிகாரத்தில் பதிவாகியிருத்தல் இன்றியமையாதது. வசதிகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்காமல், ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து, எத்தனை தாமதத்தோடு, எவ்வளவு பிழையோடு வருகிறது என்று கேட்பவரே கருவியால் பயன் பெறுவர். மழைமானியைப் படிக்கும் ஊழியரும் நாள்தோறும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவையே.